கடைசி பெஞ்சு மழை

வெள்ளரியேந்தல் அரசு உயர்நிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பில், கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த நாகஜோதியின் தலைமேல் மட்டும் மழை பெய்த அந்தச் செவ்வாய்க்கிழமை, மூன்றாவது பீரியட் கணக்கு. ஹெட்மாஸ்டர் சந்தானம் கரும்பலகை நிறைய எழுதி முடித்து, கையில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் "புரிஞ்சுதா?" என்று கேட்டார். இருபத்தெட்டுப் பிள்ளைகளும் ஆறாம் வகுப்பிலிருந்து பழகிய அதே ராகத்தில் "புரிஞ்சுது சார்" என்று சொன்னார்கள். அந்த ராகம் அடங்குவதற்குள், மின்விசிறிக்கும் பெஞ்சுக்கும் நடுவில், ஒரு சுளகு அகலத்துக்கு மேகம் திரண்டு, சடசடவென்று கொட்டத் தொடங்கியது.

நான் அந்தப் பள்ளியின் சத்துணவுச் சமையல்காரி, பெயர் பூமயில். சத்தம் கேட்டு ஓடி வந்தவள் முதலில் என்ன செய்தேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். பின்னால் வேறு யாராவது சொல்லி நீங்கள் கேட்பதைவிட நானே சொல்வது நல்லது. நனைகிற பிள்ளைக்கு நான் ஒரு துண்டு எடுத்துக் கொடுக்கவில்லை. அடுப்படிக்கு ஓடி, பருப்பு வேகவைக்கிற அண்டாவைத் தூக்கி வந்து அவள் காலடியில் வைத்தேன்.

எங்கள் ஊரைத் தெரியாதவர்கள் என்னைத் திட்டிக்கொள்ளுங்கள். மூன்று வருஷமாக மழையில்லை, கண்மாயில் சீமைக்கருவேலம் ஆள் உயரம் நிற்கிறது, பதினோரு நாளைக்கு ஒரு தடவை லாரி வரும், அது வரும் நாளில் கல்யாணம் கருமாதி என்று எதையும் வைத்துக்கொள்ள மாட்டோம். அடிபம்பில் வருவது உப்புத் தண்ணீர். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது, எவ்வளவு விறகு வைத்தாலும் கல்லுக்கல்லாகத்தான் கிடக்கும், அதைத்தான் நூற்று நாற்பது பிள்ளைகளுக்கு நான் தினமும் தட்டில் போட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நாகஜோதி தலையிலிருந்து வழிந்த தண்ணீரில் பருப்பு அரைமணி நேரத்தில் பூவாக மலர்ந்தது. பிள்ளைகள் இரண்டாம் தடவை சாம்பார் கேட்டு வாங்கினார்கள். நாகஜோதியும் ஈரச் சடையோடு வந்து வாங்கிச் சாப்பிட்டாள்.

மழை எதனால் பெய்கிறது என்று பிள்ளைகள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டார்கள், எங்களுக்கு இரண்டு வாரம் ஆனது. பாடம் நடக்கும்போது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற யாருக்குப் புரியவில்லையோ அவர்கள் தலையில் பெய்தது, அவ்வளவுதான். கணக்குக்குக் கனமழை, இங்கிலீஷுக்குச் சாரல், வரலாற்றுக்கு மூடுபனி மாதிரி ஒரு ஈரம். முதல் பெஞ்சு அகிலனுக்கு ஒரு சொட்டும் விழவில்லை. நடு பெஞ்சுகளில் ஏழெட்டுப் பேருக்கு அவ்வப்போது தூறியது. ஆனால் நாகஜோதியின் மழைக்கு ஒன்றும் ஈடில்லை. அவள் என்றைக்கும் எழுந்து நின்று எதுவும் கேட்டதில்லை, யார் வம்புக்கும் போனதில்லை, "புரிஞ்சுதா" என்று கேட்டால் மற்றவர்களைவிட ஒரு பங்கு சத்தமாகவே "புரிஞ்சுது" என்று சொல்லுகிற பிள்ளை. அவளுக்குள் அவ்வளவு தண்ணீர் தேங்கிக் கிடந்தது அதுவரை எங்களில் யாருக்கும் தெரியாது.

ஊர் அதை எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்கிறீர்களா? குடம் வைத்து ஏற்றுக்கொண்டது. திங்கட்கிழமை கிழக்குத் தெரு, செவ்வாய் மேலத்தெரு, புதன் காலனி என்று முறை வைத்தார்கள், மூன்றாவது பீரியட் மணி அடிக்கும் முன்பே பச்சை, சிவப்பு, நீலப் பிளாஸ்டிக் குடங்கள் வகுப்பு வாசலில் வரிசையாக நின்றன. பிறகு குடம் வைக்க இடம் போதாமல் கடைசி பெஞ்சைச் சுற்றித் தார்ப்பாய் விரித்து, அதன் மூலையில் குழாய் சொருகி, ஜன்னல் வழியாக வெளியே இழுத்து, மைதானத்தில் ஒரு கறுப்புத் தொட்டியை நிறுத்தினார்கள். பஞ்சாயத்துத் தலைவர் வில்வதுரை ரிப்பன் வெட்டினார். ஃபிளெக்ஸ் பேனரில் அவர் படம் ஆளுயரத்துக்கு இருந்தது, கீழே ஒரு மூலையில் ரேஷன் கார்டு அளவில் நாகஜோதி. மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து பார்த்து, யோசித்து, "கூரை ஒழுகுகிறது" என்று எழுதிக்கொண்டு போனார். ஆட்கள் வந்து ஓடு மாற்றினார்கள். மழை அதுபாட்டுக்குப் பெய்தது.

ஹெட்மாஸ்டர் ஒரு நாளைக்கு ஒரு கணக்குப் பீரியடை மூன்றாக்கினார், பிறகு ஐந்தாக்கினார். அவர் கெட்ட மனிதர் இல்லை, ஊரில் தனக்கு இத்தனை மரியாதை கிடைக்கும் என்று எதிர்பார்க்காத மனிதர். காய்கறிக்காரி அவருக்கு இரண்டு கத்தரிக்காய் கூடப் போட்டாள். பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்பிக்கொண்டிருந்த நாலு வீடுகள் நிறுத்திக்கொண்டன. காலையில் தலை வாரிவிடும்போது தாய்மார்கள் "கவனிச்சுக் கிவனிச்சுத் தொலைக்காத, பராக்குப் பாத்துக்கிட்டு இரு" என்று புத்தி சொல்லி அனுப்பினார்கள். அகிலனுக்குக் 'காஞ்ச பய' என்று பெயர் வந்தது, அவன் அம்மா கோயிலில் விளக்குப் போட்டாள். இதையெல்லாம் இப்போது சொல்லும்போது சிரிப்பு வருகிறது, அப்போது எங்களில் ஒருவருக்கும் வரவில்லை.

நாகஜோதி மட்டும் காயவே இல்லை. அவள் விரல் நுனிகள் எந்நேரமும் ஊறிச் சுருங்கிக் கிடந்தன, சடையில் பாசி வாடை அடித்தது, நோட்டில் எழுதியது எழுதிய கையோடு கரைந்தது. சாயங்காலம் அவளுடைய புத்தகங்களை என் அடுப்பு மேடையில் பரப்பி வைத்துவிட்டுப் போவாள், காலையில் வந்து "பெரியம்மா, என் புத்தகம் காஞ்சுச்சா?" என்று கேட்டு வாங்கிக்கொள்வாள். பத்தாவது முடித்து டவுனில் பாலிடெக்னிக் சேர வேண்டும், மோட்டார் ரிப்பேர் படிக்க வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. அடிபம்பு, மோட்டார், டைனமோ என்று எதைப் பார்த்தாலும் குனிந்து அதன் வயிற்றுக்குள் பார்ப்பாள். அவள் அம்மா பஞ்சவர்ணத்துக்குக் குழாயடியில் முதல் குடம் விட்டுக்கொடுத்தார்கள், வாழ்க்கையில் யாரும் எதையும் விட்டுக்கொடுத்திராத பொம்பளை அவள், அதனால் அவளும் பேசாமல் இருந்தாள்.

அப்போதுதான் ரெஜினா டீச்சர் வந்தார். காலியாகக் கிடந்த கணக்கு வாத்தியார் இடத்துக்குக் கடற்கரைப் பக்கத்திலிருந்து மாறுதலாகி வந்தவர், நாற்பது வயசு இருக்கும், ஆள் குட்டை, குரல் பெரிசு, பொறுமை மிகவும் கொஞ்சம் என்று முதல் நாளே தெரிந்துபோனது. வகுப்புக்குள் நுழைந்தவர் தார்ப்பாயைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார், வாசலில் நிற்கிற குடங்களைப் பார்த்தார், கடைசி பெஞ்சில் நடுங்கிக்கொண்டிருந்த பிள்ளையைப் பார்த்தார். "இங்க இனிமே ஒரு வார்த்தை கிடையாது," என்றார். "நானும் 'புரிஞ்சுதா'ன்னு கேக்க மாட்டேன், நீங்களும் 'புரிஞ்சுது'ன்னு சொல்லக் கூடாது. சொன்னா வெளிய நிக்கணும்."

"அப்ப என்ன டீச்சர் சொல்றது?" என்றான் அகிலன்.

"எந்த இடத்துல விட்டுப்போச்சுன்னு சொல்லு. அவ்வளவுதான்."

பிள்ளைகள் திருதிருவென்று விழித்தார்கள். அவர் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டுக் காத்துக்கொண்டு நின்றார். யாராவது ஒரு பையன் உடனே பதிலைச் சொல்லி, எல்லோரும் அதைத் திருப்பிச் சொல்லி, பாடம் ஓடிவிடும் என்று பழகியவர்களுக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை, அடுப்படியில் நின்ற எனக்கே பொறுக்கவில்லை. அவர் நின்றார். காக்கை கத்தியது, லாரி ஒன்று ஹாரன் அடித்துப் போனது, அவர் நின்றார். கடைசியில் மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒருவன் தப்பாக ஒரு பதில் சொன்னான். அதைத் துடைக்காமல் கரும்பலகையின் நடுவில் எழுதி, கட்டம் போட்டு, "இது நல்ல தப்பு. இதைச் சொல்ல இவன் யோசிச்சிருக்கான். எப்படி யோசிச்சான்னு யார் சொல்லுவீங்க?" என்றார். அன்றிலிருந்து அந்த வகுப்பில் நல்ல தப்புக்குப் போட்டி நடந்தது. வகுப்பு முடிகிற நேரத்தில் ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்து, பெயர் எழுதாமல், விட்டுப்போன இடத்தை மட்டும் எழுதித் தகர டப்பாவில் போடச் சொன்னார், மறுநாள் பாடம் அந்த டப்பாவிலிருந்துதான் தொடங்கியது. புரிந்தவனையும் புரியாதவனையும் ஜோடி சேர்த்து உட்கார வைத்து, புரியாதவன் கையில்தான் பேனா இருக்க வேண்டும் என்றார். நடு பெஞ்சுத் தூறல்கள் ஒவ்வொன்றாக நின்றன.

நாகஜோதியின் மழைக்கு அதுவும் போதவில்லை. டப்பாவில் அவள் போட்ட காகிதம் தினமும் வெறுமையாக இருந்தது, எழுதினால்தான் கரைந்துவிடுமே. ஒரு புதன்கிழமை மத்தியானம், குடை இல்லாமல், புடவையைக்கூடத் தூக்கிச் சொருகாமல், ரெஜினா டீச்சர் நேராக அந்த மழைக்குள் நடந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். கொண்டுபோன பத்தாம் வகுப்புப் புத்தகத்தை விரித்து ஒரு கணக்கைக் காட்டினார், மழை வலுத்தது. ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தை விரித்தார், அதே வலு. எட்டாம் வகுப்புப் புத்தகத்தை விரித்தார், கொஞ்சம் தணிந்தது மாதிரி இருந்தது. ஏழாம் வகுப்புப் புத்தகத்தின் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கித் திருப்பிக்கொண்டே போனார். ஒரு பக்கத்தில் மழை சட்டென்று நின்றது. அடுத்த பக்கத்துக்குப் போனால் கொட்டியது, திரும்பி வந்தால் நின்றது. டீச்சர் இரண்டு தடவை போய்வந்து பார்த்துவிட்டு, நனைந்த புடவையோடு சிரித்தார்.

"இங்கதான் நிக்கிறியா நீ? மூணு வருஷமா?"

"ஆமா டீச்சர்," என்றாள் நாகஜோதி. "கழித்தலையும் கழித்தலையும் பெருக்குனா எப்படிக் கூட்டல் வரும்? இல்லாததையும் இல்லாததையும் வச்சு எப்படி இருக்கிறது வரும்? சார் அது அப்படித்தான்னாக. எல்லாரும் புரிஞ்சுதுன்னாக. நானும் சொல்லிட்டேன். அதுக்குப் பெறகு சொன்னது ஒண்ணும் ஏறலை டீச்சர்."

அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதே இல்லை. சட்டியைக் கழுவுகிற சாக்கில் ஜன்னலோரம் நின்றுகொண்டேன்.

டீச்சர் வெளியே இருந்த கறுப்புத் தொட்டியைக் காட்டினார். "அதுல ஓட்டை. மணிக்கு மூணு குடம் குறையுதுன்னு வை. குறையுறதால கழித்தல் மூணு. நான் கேக்கிறது இனி வரப்போற நேரத்தை இல்ல, போன நேரத்தை. ரெண்டு மணி நேரம் பின்னாடி போ, அது கழித்தல் ரெண்டு. அப்ப தொட்டியில எவ்வளவு இருந்துச்சு, இப்ப இருக்கிறதுக்குக் கூடவா, குறையவா?" கேட்டுவிட்டு அவர் பழக்கம்போல் வாயை மூடிக்கொண்டார். மழை மறுபடியும் பிடித்து இரண்டு பேர் மேலும் பெய்தது. பெல் அடித்தது, பிள்ளைகள் வெளியே போனார்கள், அடுத்த பெல் அடித்தது, உள்ளே வந்தார்கள், இரண்டு பேரும் அசையவில்லை. நாகஜோதி தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் குறைகிற கணக்கு தெரியாத பிள்ளை எங்கள் ஊரில் உண்டா?

"கூட," என்றாள். "ஆறு குடம் கூட இருந்துச்சு டீச்சர். ஆறு!"

மழை நின்றது.

மறுநாள் காலையில் அவள் அடுப்படிக்கு வந்தபோது சடை காய்ந்து, காற்றில் முடி பறந்துகொண்டிருந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். கோபம்தான் வந்தது. அண்டா காலியாக இருந்தது, பருப்பை அளந்து வைத்துவிட்டேன். "என்னத்தா, இன்னைக்கும் பெய்யாதா?" என்று சுள்ளென்று கேட்டேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நான் காயக் கூடாதா பெரியம்மா?" என்றாள்.

நான் திரும்பி அடுப்பை ஊதினேன். அது ஏற்கனவே நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

கறுப்புத் தொட்டியில் தண்ணீர் இறங்க இறங்க ஊரின் கோபம் ஏறியது. ஏழிலிருந்து பத்து வரை ஒவ்வொரு புத்தகமாக முடிய முடிய நாகஜோதியின் மழை சாரலாகி, சாரல் தூறலாகி, வாரத்தில் ஒரு நாள் இரண்டு நாள் என்று ஆனது. குடங்கள் வரிசையில் கிடந்து வெயிலில் வெளுத்தன. ஒரு நாள் தலைவர் வில்வதுரை நாலைந்து பேரோடு பள்ளிக்கு வந்தார், வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"டீச்சர், தப்பா நினைக்காதீக. நீங்க ரொம்ப நல்லா நடத்துறீகன்னு ஊர்ல புகார்."

"வரட்டும்," என்றார் ரெஜினா டீச்சர்.

"உங்களை நடத்த வேணாம்னு சொல்லலை. நடத்துங்க. கொஞ்சம் சுமாரா நடத்துங்க. எல்லாப் பிள்ளையும் வெளங்கிக்கிடணும்னு என்ன இருக்கு? அந்த ஒத்தப் பிள்ளைய மட்டும் விட்டுருங்க. ஊருக்கே தண்ணி குடுக்குற பிள்ளை, அதுக்குப் புண்ணியம்தானே?"

"தண்ணி வேணும்னா ஆபீஸ் ஆபீஸாப் போய்க் கேளுங்க, ரோட்டுல குடத்தைப் போட்டு உக்காருங்க, நானும் வந்து உக்காருறேன். பதினஞ்சு வயசுப் பிள்ளையோட தலையைக் கேக்காதீங்க. அது உங்க கண்மாய் இல்ல."

"அப்ப நாங்க பாத்துக்கிடுறோம்," என்றார் தலைவர். பேச்சிலிருந்து மரியாதை போய்விட்டது.

அவர்கள் பார்த்துக்கொண்டது இப்படி. பொதுத்தேர்வு எழுதுகிறவர்களின் பெயர்ப் பட்டியலை ஹெட்மாஸ்டர் வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டும். அதில் நாகஜோதியின் பெயரை விட்டுவிடுவது. பெயர் இல்லாவிட்டால் தேர்வு இல்லை, தேர்வு இல்லாவிட்டால் பாலிடெக்னிக் இல்லை, இன்னும் ஒரு வருஷம் அதே பெஞ்சு. டீச்சரை மாற்றச் சொல்லி ஒரு மனு. இரண்டையும் வியாழக்கிழமை பெற்றோர் கூட்டம் போட்டுத் தீர்மானமாக எழுதிவிடுவது. மனுவில் எண்பத்து மூன்று பேர் கையெழுத்துப் போட்டார்கள். நாற்பத்தோராவது கையெழுத்து என்னுடையது. கேட்டால் பருப்பைச் சொல்வேன், ஆனால் அது பருப்பால் மட்டும் இல்லை. ஊரோடு ஒட்டி நிற்கிற சுகம் அது, இத்தனை வயசுக்கு மேல் அதை விட எனக்குத் தைரியம் இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் ரெஜினா டீச்சர் அடுப்படிக்கு வந்தார். மனுவைப் பற்றி அவருக்குத் தெரியும், என் கையெழுத்தும் தெரியும். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. "பூமயிலக்கா, ஸ்கூல்ல இருக்கிற நாற்காலி அத்தனையையும் உங்க ஸ்டோர் ரூம்ல போட்டுப் பூட்டிருங்க. சாவி தொலைஞ்சுபோச்சு," என்றார்.

"சாவி இங்கதான டீச்சர் இருக்கு, இடுப்புல," என்றேன்.

"தொலைஞ்சுபோச்சு," என்றார் மறுபடியும்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய் அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் அடுக்கிப் பூட்டினேன், சாவியை முந்தானையில் முடிந்து சொருகிக்கொண்டேன். நாற்பத்தோராவது கையெழுத்தைப் போட்ட கைக்கு அதுவாவது செய்ய வேண்டும் போலிருந்தது.

கூட்டம் பத்தாம் வகுப்பறையில்தான், மற்ற அறைகளில் மின்விசிறி இல்லை. நாற்காலி தேடிப் பார்த்துக் கிடைக்காமல், தலைவர் முதல் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் பட்டியலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர். கிழக்குத் தெரு, மேலத்தெரு, காலனி என்று ஊரே நெருக்கியடித்துப் பெஞ்சுகளில் உட்கார்ந்தது. பஞ்சவர்ணம் ஓரமாக உட்கார்ந்தாள், நான் கடைசி பெஞ்சில், நாகஜோதியின் இடத்தில். பெஞ்சு இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. ரெஜினா டீச்சர் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

தலைவர் தீர்மானத்தை வாசித்து முடித்து, "யாருக்காவது ஆட்சேபணை உண்டா?" என்று வழக்கப்படி கேட்டார்.

"எனக்கு உண்டு," என்று நாகஜோதி வாசலிலிருந்து உள்ளே வந்தாள். தலை வாரிப் பூ வைத்திருந்தாள், நனையாத பூ காய்ந்த சடையில் இருந்தது. அவளைப் பார்த்ததும் நாலைந்து பேர் தொட்டியை நினைத்துப் பெருமூச்சு விட்டார்கள்.

"இது பெரியவுக கூட்டம்த்தா," என்றார் தலைவர்.

"என் பேரைத்தான பேசுறீக," என்றாள் அவள். "பரீட்சை எழுதுற அளவுக்கு எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு எழுதியிருக்கீகள்ல? ஒரே ஒரு பாடம் நடத்துறேன். ஏழாம் வகுப்புப் பாடம். நடத்தி முடிச்ச பெறகு நீங்க என்ன சொல்றீகளோ கேட்டுக்கிடுறேன்."

பஞ்சவர்ணம், குழாயடியில் முதல் குடத்துக்குப் பேசாமல் நின்ற பஞ்சவர்ணம், "எம்மக நடத்தட்டும்!" என்றாள். அறையே திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னாள்.

நாகஜோதி சாக்பீஸை எடுத்தாள். கழித்தல் மூன்று, பெருக்கல், கழித்தல் இரண்டு என்று எழுதினாள், சமம் போட்டாள், கூட்டல் ஆறு என்று எழுதினாள். ஹெட்மாஸ்டரைப் போலவே கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே, அவருடைய குரலில், அவருடைய வேகத்தில், "கழித்தலும் கழித்தலும் பெருக்கினால் கூட்டல். இது விதி. அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்," என்றாள். சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டாள். திரும்பாமலே கேட்டாள்:

"புரிஞ்சுதா?"

நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் ஏதோ ஒரு வகுப்பு வரையாவது உட்கார்ந்தவர்கள்தான். அந்தக் கேள்விக்கு என்ன பதில் என்று எங்கள் வாய்க்குத் தெரியும். கிழக்குத் தெருவும் மேலத்தெருவும் காலனியும், பஞ்சாயத்துத் தலைவரும் ஹெட்மாஸ்டரும் நானும், எத்தனையோ வருஷத்துக்கு முந்திய அதே ராகத்தில் சேர்ந்து சொன்னோம்:

"புரிஞ்சுது டீச்சர்!"

மேகம் கூரை முழுக்கத் திரண்டது. அந்த மாதிரி மழையை வெள்ளரியேந்தல் என்றைக்கும் பார்த்ததில்லை. தலைவரின் வெள்ளைச் சட்டை உடம்போடு ஒட்டியது, தீர்மான நோட்டு மடியிலேயே கரைந்து நீலமாக ஓடியது, மனுவும் எண்பத்து மூன்று கையெழுத்தும் தார்ப்பாய் வழியாகக் குழாய்க்குள் போயின, தொட்டி நிரம்பி வழிகிற சத்தம் மைதானத்திலிருந்து கேட்டது. எல்லாரையும்விடப் பலமாகப் பெய்தது ஹெட்மாஸ்டர் சந்தானத்தின் மேல். இருபத்திரண்டு வருஷம் அந்த விதியை நடத்திய மனுஷன், கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, மழையோடு மழையாக அழுதார் என்றுதான் நினைக்கிறேன். கரும்பலகைக்கு முன்னால் ஒரு பாய் அகலத்துக்கு மட்டும் தரை காய்ந்திருந்தது. அங்கே நாகஜோதி நின்றுகொண்டிருந்தாள்.

"தண்ணி வேணும்னா இங்க வந்து உக்காருங்க," என்றாள். "தெனமும் ஒரு தெரு உக்காரட்டும். நான் நனைஞ்சது போதும். சார், அந்தப் பட்டியலை எடுங்க."

ஹெட்மாஸ்டர் பையில் கை விட்டார். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்ததால் காகிதம் தப்பித்திருந்தது. "நாளைக்குக் காலையில எழுதிருறேம்மா," என்றார். "இந்த மழையில எப்படி எழுத, கரைஞ்சு போயிரும்."

"இங்க வாங்க சார். இந்த இடம் காஞ்சிருக்கு. இங்க நின்னு எழுதுங்க."

தலைவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், வாய்க்குள் தண்ணீர் போய் இருமினார். ஹெட்மாஸ்டர் எழுந்தார். பெஞ்சிலிருந்து கரும்பலகைக்கு ஐந்தாறு அடிதான். அதை நடக்க அவருக்கு வெகுநேரம் ஆனது. காய்ந்த தரையில் ஏறி நின்று, உறையிலிருந்து பட்டியலை எடுத்து, ஈரக் கையை நாகஜோதி நீட்டிய தாவணியின் முனையில் துடைத்துக்கொண்டு, கரும்பலகைமேல் வைத்து அவள் பெயரை எழுதினார். சரியாக எழுதியிருக்கிறாரா என்று அவள் எட்டிப் பார்த்தாள்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பினாள். கடைசி பெஞ்சிலிருந்து முதல் பெஞ்சு வரை ஒவ்வொரு தலையாகப் பார்த்தாள், அவசரமே இல்லாமல்.

"இனி நெசமாவே நடத்தப் போறேன்," என்றாள். "யாருக்குப் புரியலையோ கை தூக்குங்க. யாராச்சும் ஒருத்தர் தூக்குற வரைக்கும் அடுத்த வரி எழுத மாட்டேன்."

சொல்லிவிட்டு, டீச்சரைப் போலவே, காத்துக்கொண்டு நின்றாள். மழை பெய்தது. தலைவர் தன் வேட்டியைப் பார்த்துக்கொண்டார், கிழக்குத் தெரு மேலத்தெருவைப் பார்த்தது, மேலத்தெரு காலனியைப் பார்த்தது. இத்தனை பேருக்கு நடுவில் எனக்குத் தெரியாது என்று சொல்ல எங்கள் ஊரில் யாரும் யாருக்கும் கற்றுக்கொடுத்ததில்லை. தண்ணீர் என் நெற்றியில் விழுந்து, கண்ணில் இறங்கி, முந்தானை முடிச்சில் இருந்த சாவியை நனைத்துக்கொண்டு ஓடியது. இப்படித்தான் இத்தனை மாசம் அந்தப் பிள்ளைக்குக் குளிர்ந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

அவள் காலடியில் முதல் பாத்திரத்தை வைத்தவள் நான். முதலில் கை தூக்கியதும் நான்தான்.